இருபத்திரண்டு கிராம் அப்ரைசர்

காரைக்குடியில் அறுபது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருடைய அந்தரங்கம் ஒரே ஒரு மனிதருக்கு அத்துப்படியாக இருந்தது. அவர் டாக்டர் இல்லை. எங்கள் வங்கிக் கிளையில் நகைக்கடனுக்கு நகை மதிப்பிடும் அப்ரைசர். யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோகும். யாருடைய புராஸ்டேட் எத்தனை கிராம் என்பது மட்டும் மறக்கவே மறக்காது.

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஊருக்கு அவர் அப்ரைசர், அவ்வளவுதான். பரம்பரையாக நகை வேலை பார்த்த ஆசாரி வீடு. நான் அதே கிளையில் ஹெட் கேஷியர். என் கூண்டுக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. தூசியைத் தடுத்தது, கொசுவைக்கூட ஓரளவுக்குத் தடுத்தது. அவர் பேச்சைத் தடுக்க அதனால் ஆகவில்லை.

எல்லாம் ஒரு வயிற்று வலியில் ஆரம்பித்தது. அவருக்கு அறுபது முடிந்திருந்த சமயம். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில், புராஸ்டேட் இருபத்திரண்டு கிராம், நார்மல் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் எங்கள் எல்லோருடைய நிம்மதிக்கும் உலை வைத்தது.

வாழ்நாள் முழுக்க கிராமில் யோசித்த மனிதர். உடம்புக்குள்ளே இருக்கும் ஒரு சாமானுக்கும் கிராம் கணக்கு உண்டு என்று தெரிந்ததும் ஆளே மாறிவிட்டார். ஸ்கேன் டாக்டரிடமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

“மூத்திரப் பைக்குக் கீழ இருக்காம் சார். பெரிய நெல்லிக்காய் அளவு. வாலிப வயசுல இருபது, இருபத்தஞ்சு கிராம். நாப்பது தாண்டினா மெல்ல மெல்ல வளர ஆரம்பிக்குமாம். அறுபதுல முப்பத்தஞ்சு, நாப்பதுன்னு இருந்தா அதிசயம் இல்லையாம். எம்பது, நூறு வரைக்கும் போறவுகளும் இருக்காகளாம். முடி கொட்டுது, பல்லு விழுகுது, உசரம்கூடக் குறையுது. மனுச உடம்புல வயசாக வயசாக வளர்ற உருப்படி இது ஒண்ணுதான்.”

“காதும் மூக்கும்கூட வளரும்னு சொல்றாகளே” என்றேன்.

“அதெல்லாம் வெளியில கெடக்குற சாமான். இது லாக்கர்ல இருக்கிற உருப்படி சார்.”

நகைத் தொழிலில் உருப்படி என்றால் ஒரு நகை. சங்கிலி ஓர் உருப்படி, தோடு ஓர் உருப்படி. அன்றிலிருந்து புராஸ்டேட்டும் ஓர் உருப்படி ஆகிவிட்டது.

டாக்டரிடம் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தார். வெளியே எடுக்காமல் எப்படி எடை போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, அதில் பாதிக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “அப்ப உத்தேசம்தான்னு எழுதுங்க. கிராம்னு எழுதாதீக” என்று எழுந்து வந்துவிட்டாராம். இத்தனைக்கும் தன்னுடைய இருபத்திரண்டை மட்டும் உத்தேசம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அது என்னவோ தங்கத் தராசில் வைத்து நிறுத்த மாதிரிதான் பேசுவார். அறுபது வயதில் இருபது வயசுப் பையன் எடை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாடிக்கையாளர்களிடம் ஆரம்பித்தார். ஒரு நாள் வயதான ஆச்சி ஒருவர் காசுமாலையை அடகு வைக்க வந்தார். மாலையை எடை பார்த்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோதித்துக்கொண்டே, “செட்டியார் ஸ்கேன் எடுத்தாகளா ஆச்சி? உருப்படி எத்தனை கிராம்னு சொன்னாக?” என்று கேட்டுவிட்டு விளக்கமும் கொடுத்தார். ஆச்சி முழுதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“ஏன் அப்ரைசரே, அதையும் சேத்து அடகுல வச்சுக்கிருவீகளா? வச்சுக்கிட்டா எனக்குத் திருப்பணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல.”

அன்று கிளையில் ஒரு மணி நேரம் வேலை நடக்கவில்லை. நான் ஒரு கட்டு நோட்டை எண்ணி முடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் அறிமுகம் செய்துகொள்ள அப்ரைசர் மேசைக்கு வந்தார். இவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இருபதுக்குள்ளதான் இருக்கும் சார். இப்பவே ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க. பின்னால எம்புட்டு ஏறிச்சுன்னு பாக்க வசதியா இருக்கும்” என்றார். அந்தப் பையன் வயதைத்தான் சொல்கிறாரோ, சம்பளத்தைச் சொல்கிறாரோ என்று திருதிருவென்று விழித்தார். விஷயம் புரிந்த பிறகு ஒரு வாரத்துக்கு அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

நான் ஓய்வு பெற்றதும் என் முறை வந்தது. எனக்குச் சிறுநீர் போவதில் லேசான சிரமம். ஸ்கேன் எடுத்தால் ஐம்பத்தெட்டு கிராம். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேன் சென்டரில் இருந்து வெளியே வரும்போது அப்ரைசர் எதிரில் வந்தார். மறைக்க நேரமில்லை. உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கனத்த உருப்படி சார். கல்யாணப் பொண்ணுக்குப் போடுற மாதிரி இருக்கு.”

அதற்குப் பிறகு எனக்குப் பெயரே இல்லாமல் போனது. நான் கடைத்தெருவில் போனால், “அம்பத்தெட்டு, இங்குட்டு வாங்க” என்று அந்த முனையிலிருந்து கூப்பிடுவார். காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இதே கதிதான். நாற்பத்திரண்டு என்றால் தமிழ் வாத்தியார். எழுபது என்றால் இரும்புக்கடைக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் அப்ரைசர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “எழுபதுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்கப்பா” என்றார். பரிமாறிய பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி வீட்டார் மட்டும் இரும்புக்கடைக்காரருக்கு எழுபது வயதா என்று ஆச்சரியப்பட்டு, ஆள் இளமையாக இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். மனிதர் அதைத் திருத்தவுமில்லை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் எல்லோருமே ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போனோம். டாக்டர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். அப்ரைசர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தீர்ப்பு சொல்வார். முப்பதுக்குக் கீழே என்றால், “தேறிருச்சு, போங்க.” ஐம்பது வரைக்கும், “வயசுக்குத் தகுந்த எடை.” அதற்கு மேலே என்றால்தான், “டாக்டர்கிட்ட காமிச்சிருங்க.” அவர் தேறிருச்சு என்று சொன்னால் மனசு லேசாகிவிடும். அது உண்மை.

எங்கள் கிளையில் மெசஞ்சராக இருந்த கருப்பையாவுக்கும் அப்படித்தான் சொன்னார். கருப்பையா ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான கண்டரமாணிக்கத்துக்குப் போய் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஸ்கேனுக்குக் காரைக்குடி வந்தவனுக்கு டாக்டர், புராஸ்டேட்டில் கோளாறு இருந்தால் காட்டிக்கொடுக்கும், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்துக்கொண்டு வா என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் நேரே அப்ரைசரிடம் வந்தான். “இருபத்தாறுதானடா. இதுக்கு எதுக்கு ரத்தம் குடுக்குற? போயி ஆட்டைப் பாரு” என்று சொல்லிவிட்டார். கருப்பையா அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐம்பத்தெட்டு கிராம் வைத்திருந்த நான் ஒரு மாத்திரையில் சரியாகிவிட்டேன். ஊருணியை முழுக்கச் சுற்றி வருவேன், எங்கும் ஒதுங்க மாட்டேன். இருபத்திரண்டு கிராம் அப்ரைசர்தான் பாதிச் சுற்றிலேயே வேலிப் பக்கம் போவார். போனால் லேசில் வரவும் மாட்டார். கேட்டால் காலையில் குடித்த டீயைக் குறை சொல்வார்.

என் டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அளவு ஒரு பக்கம், தொந்தரவு ஒரு பக்கம். பெரிதாக இருந்தும் சும்மா கிடப்பது உண்டு, சின்னதாக இருந்தும் படுத்துவது உண்டு. சின்னதாக இருப்பதாலேயே உள்ளே கோளாறு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, ரத்தம் பார்க்க வேண்டும், கையாலும் பரிசோதிக்க வேண்டும் என்றார். நான் இதை அப்ரைசரிடம் அப்படியே சொன்னேன். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொன்னேன்.

“அது எடை கூடினவுகளுக்கு சார். நான் வாலிப எடை. எனக்கு எதுக்கு?” என்றார்.

பிறகு இடுப்பு வலி வந்தது. வங்கி நாற்காலிதான் காரணம் என்றார். வங்கிக்குப் போவதை நிறுத்திய பிறகும் வலி நிற்கவில்லை. பழைய நாற்காலியின் கைங்கரியம் இப்போதுதான் தெரிகிறது என்றார். தைலம் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார். ஆள் இளைத்துக்கொண்டே போனார். நடைக்கு வருவதும் நின்றுபோனது. கடைசியில் அவர் வீட்டு அம்மா எனக்குப் போன் செய்தார்கள்.

“அண்ணே, எந்திரிச்சு நிக்கவே சிரமப்படுறாக. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாக. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்கண்ணே.”

மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே சின்ன வயசு லேடி டாக்டர். எல்லாச் சோதனையும் முடிந்து ரிசல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். அப்ரைசர் அவரைப் பேசவிடவில்லை.

“எடை எம்புட்டும்மா?”

“இருபத்தி நாலு கிராம்.”

“அப்ப நார்மல்தான?”

“அளவு நார்மல்தான்யா. ஆனா உள்ள இருக்கிறது நார்மல் இல்ல. புற்று. எலும்பு வரைக்கும் பரவியிருக்கு.”

அவர் திரும்பத் திரும்ப எடையையே கேட்டார். அந்தப் பெண் சலிக்காமல் விளக்கினார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி முழுதாகக் குணப்படுத்த முடியாது, மருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், வலியைக் குறைக்கலாம் என்று சொன்னார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டில் இருபத்தி நாலு என்றிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“எந்த நகையையாச்சும் எடை மட்டும் பாத்துட்டு நான் பாஸ் பண்ணியிருக்கேனா சார்?”

“இல்ல.”

“கல்லுல உரசாம, ஆசிட்டு ஊத்திப் பாக்காம விட்டதே இல்ல. பித்தளையும் கனக்கத்தான் செய்யும்னு ஊருக்கெல்லாம் சொன்னவன். என்னைய மட்டும் உரசிப் பாக்காம விட்டுட்டேனே சார்.”

அவர் அழவில்லை. நான்தான் பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் வாங்கப் போவது போல எழுந்து போனேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒரு துளி ரத்தம் கொடுக்க மறுத்ததில் இப்படி ஒரு மனிதர் போக வேண்டுமா?

திரும்பி வரும்போது காரில்தான் அடுத்ததைச் சொன்னார். எங்கள் வங்கியில் மறுமதிப்பீடு என்று ஒரு நடைமுறை உண்டு. ஓர் அப்ரைசர் பாஸ் பண்ணிய நகைகளை, கொஞ்ச காலம் கழித்து வெளியிலிருந்து வேறோர் அப்ரைசரை வரவழைத்து மறுபடி உரசிப் பார்ப்பார்கள். போலி என்று ஒன்று அகப்பட்டால், பாஸ் பண்ணியவர்தான் அந்த நஷ்டத்தைக் கட்ட வேண்டும். இவர் பார்த்ததில் ஒன்றுகூட அப்படி அகப்பட்டதில்லை.

“நான் எடையப் பாத்துத் தீர்ப்பு சொன்ன ஆளுக அம்புட்டுப் பேரையும் மறுபடி பாக்கணும் சார். எவனுக்காச்சும் என்னைய மாதிரி இருந்தா, அது என் தலையிலதான விடியும்?”

ஓய்வெடுங்கள், நான் போன் செய்து சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. ஆட்டோ வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நடக்க முடியாமல் வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டு ஆளை வெளியே கூப்பிட்டு, “நான் சொன்னதை மறந்துட்டு டாக்டரைப் பாருங்க” என்று சொன்னார். தமிழ் வாத்தியார் போனார். இரும்புக்கடைக்காரர் முனகிக்கொண்டே போனார். நானும் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எனக்கு அளவு பெரிதாக இருப்பதால் அந்த பி.எஸ்.ஏ. எண்ணும் சற்றுக் கூடத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, வருடா வருடம் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். ஒவ்வொருவருக்காக ரிசல்ட் நன்றாகவே வந்தது. மிச்சம் இருந்தது கருப்பையா.

அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்தான். “அப்ரைசரய்யாவே வேணாம்னு சொல்லிட்டாக சார். அதுக்கு மேல என்ன டாக்டரு?” என்று வைத்துவிட்டான். அப்ரைசர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதில் அவரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலேயே கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். மானகிரி தாண்டியதும் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திரும்பிவிடலாமா என்று கேட்டதற்கு, “வண்டிய மெதுவா விடச் சொல்லுங்க, போதும்” என்றார்.

கருப்பையா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். காரிலிருந்து நானும் டிரைவரும் தாங்கி இறக்கிய ஆளை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் தழையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“என்னங்கய்யா இப்பிடி ஆயிட்டீக? எனக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? நீங்கதான தேறிருச்சுன்னு சொன்னீக?”

“நான் சொன்னது தப்புடா கருப்பையா.”

அந்த மனிதர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். கருப்பையா சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். வரும் வழியெல்லாம் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ரத்தம் கொடுத்தான். டாக்டர் கையாலும் பார்த்தார். ரிசல்ட் வர மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு நாளும் அப்ரைசர் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். தனக்குப் புற்று என்று சொன்ன அன்றைக்குக்கூட மனிதர் இரண்டு இட்லி சாப்பிட்டார். இந்தப் பயலுக்காக ஒரு வாய் இறங்கவில்லை. மாத்திரையைக்கூட ரிசல்ட் வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று அடம் பிடித்து, வீட்டு அம்மாவை அழவிட்டார்.

ரிசல்ட் நார்மல். டாக்டரும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, வயதுக்குச் சரியாக இருக்கிறது என்றார். கருப்பையா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு வந்து கையில் கொடுத்தான். அவர் தலையணைக்குப் பக்கத்தில் துழாவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண் எண்ணாகப் படித்தார். டாக்டர் சொன்னதையும் என்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

“அம்புட்டும் தேறிருச்சு சார். நான் பாஸ் பண்ணுனதுல ஒரே ஒரு உருப்படிதான் தப்பு. அதுக்கும் நானே கட்டிட்டுப் போறேன். யாருக்கும் பாக்கி இல்ல.”

கருப்பையா அவர் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். “பயலே, வலிக்குதுடா” என்று அவனை அதட்டினார். அதட்டலில் பழைய அப்ரைசர் கொஞ்சம் தெரிந்தார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. கடைசி வரை வலி இருந்தது, ஆனால் அந்தக் கவலை இல்லை. இப்போதும் காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கிறோம். எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒழுங்காகப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கடைத்தெருவில் யாரும் என் அந்தரங்கத்தைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. இந்த மரியாதையெல்லாம் எங்களுக்கு எதற்கு? இன்னும் கொஞ்ச காலம் அந்த மனுசன் எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம்.